பாடசாலை மேடையும் பிறர் வாழ்வும்

பாடசாலை நாடகத்தை விமர்சனத்துக்குரிய கலைமுயற்சியாகக் கருதுவோர் மிகச் சிலரே. பிள்ளைகள் நடிக்கிறார்கள், பெற்றோர் கைதட்டுகிறார்கள், மண்டபத்து விளக்குகள் அணைந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது என்பதே பொதுவான எண்ணம். தொழில்முறை அரங்குக்கு அளவுகோல் வேண்டும், பாடசாலை அரங்குக்குப் பரிவு போதும் என்று திறனாய்வாளரும் ஒதுங்கிக்கொள்கின்றனர். இப்பரிவு உண்மையில் அலட்சியத்தின் மறுபெயரே. தொழில்முறை நடிகன் வேடத்தைத் தொழிலாக ஏற்கிறான். திரை விழுந்ததும் அதைக் களைந்துவிட்டு அடுத்த வேடத்துக்குப் போகிறான். பாடசாலையிலோ பதினாறு வயது மாணவன் ஒருவன், தான் வாழாத ஒரு வாழ்வைப் பல வாரங்களாகப் பேசியும் பாடியும் ஆடியும் பழகுகிறான். மனம் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில் அவன் பிறரைப் பற்றிப் பெறும் இப்பயிற்சி எத்தகையது? கல்வியிலும் கலையிலும் ஒருங்கே அக்கறைகொண்ட எவரும் தட்டிக்கழிக்க முடியாத வினா இது.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த களம் ஐக்கிய அமெரிக்கா. ஆண்டுதோறும் ஓர் இசை நாடகத்தை மேடையேற்றுவது அந்நாட்டு உயர்நிலைப் பாடசாலைகளின் நெடுங்கால வழக்கம். நியூயோர்க்கின் புறோட்வே அரங்குகளில் வெற்றிபெற்ற நாடகங்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்திப் பிரதியையும் இசைக்குறிப்பையும் பாடசாலைகள் பெற்றுக்கொள்கின்றன. அனுமதியின்றி உரையாடலையோ பாடலையோ மாற்றலாகாது என்பது ஒப்பந்த நிபந்தனை. இவ்வாறாக, ஒரு நகரத்தின் குறிப்பிட்டதொரு சமூகப் பிணக்கிலிருந்து பிறந்த நாடகம், எழுத்துக் குறையாமல் நாடெங்குமுள்ள பாடசாலை மேடைகளுக்குச் செல்கிறது. செவ்வியற் படைப்பு என்ற பட்டம் சூட்டப்பட்டதும் அது பிறந்த இடமும் காலமும் மறக்கப்படுகின்றன. மறதியே செவ்வியலின் விலையாகிவிடுகிறது.

இத்தகைய நாடகங்களுள் ‘வெஸ்ற் சைட் ஸ்ரோறி’ தனித்து நோக்கத்தக்கது. லியனாட் பேண்ஸ்ரைனின் இசை, ஸ்ரீவன் சொண்ட்ஹைமின் பாடல்கள், ஆதர் லோரன்ஸின் உரையாடல், ஜெறோம் றொபின்ஸின் நெறியாள்கையும் ஆடலமைப்பும் ஆகிய நான்கும் கூடி உருவான இந்நாடகம், 1957 செப்டெம்பர் 26ஆம் திகதி நியூயோர்க்கில் அரங்கேறி 732 தடவை ஆடப்பட்டது. சேக்ஸ்பியரின் ‘றோமியோவும் யூலியற்றும்’ இதன் அடித்தளம். இரு குடும்பங்களுக்குப் பதிலாக இங்கே இரு இளைஞர் குழுக்கள் மோதுகின்றன. ஒன்று வெள்ளை இளைஞரின் ‘ஜெற்’ குழு. மற்றையது புவேர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து வந்தவரின் ‘ஷார்க்’ குழு.

ஆனால் புவேர்ட்டோ ரிக்கர் இக்கதையினுள் வந்த வழி கவனிக்கத்தக்கது. 1949இல் றொபின்ஸின் மனத்தில் எழுந்த முதற் கரு, யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையிலான பிணக்கைப் பற்றியது. அது பழமைப்பட்டதெனக் கைவிடப்பட்டது. 1955இல் லொஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிக்க வழிவந்த இளைஞர் குழுக்களின் மோதல் பற்றிய பத்திரிகைச் செய்தியே கருவுக்குப் புத்துயிர் அளித்தது. மோதல் நியூயோர்க்குக்கு மாற்றப்பட்டபோது மெக்சிக்கரின் இடத்தைப் புவேர்ட்டோ ரிக்கர் பெற்றனர். தாம் அச்சமூகத்தவர் எவரையும் சந்தித்ததேயில்லை என்று கூறிச் சொண்ட்ஹைம் முதலில் தயங்கினார் என்பதும் பதிவாகியுள்ளது. படைப்பாளிகள் நால்வரும் இனவெறுப்பைக் கண்டித்தவர்களே. ஆயின் அவர்கள் ஒரு தரப்பை உள்ளிருந்தும் மறு தரப்பை வெளியிலிருந்தும் கண்டனர். நல்லெண்ணம் வேறு, அறிவு வேறு.

நாடகத்தின் பெருமையை மறைப்பது நேர்மையாகாது. சேக்ஸ்பியரிடம் அழிவுக்குக் காரணமாவது ஒரு தற்செயல். கொள்ளைநோயினால் வழி தடைப்பட்டுக் கடிதம் உரியவனைச் சேராமற் போகிறது. லோரன்ஸ் அத்தற்செயலை அகற்றிவிட்டு அவ்விடத்தில் சமூகக் காரணம் ஒன்றை வைத்தார். காதலனுக்குச் செய்தி கொண்டுவரும் அனிற்றா என்ற புவேர்ட்டோ ரிக்கோப் பெண்ணை ஜெற் இளைஞர் கடையொன்றினுள் சூழ்ந்து இழிவுபடுத்தித் தாக்குகின்றனர். அவமானத்தாலும் சினத்தாலும் அவள் மரியா இறந்துவிட்டாள் எனப் பொய்ச்செய்தி சொல்கிறாள். அதன் விளைவே காதலனின் மரணம். விதி செய்த வேலையை இங்கே வெறுப்புச் செய்கிறது. இறுதியில் மரியா சாவதில்லை. அவள் உயிரோடு நின்று இரு தரப்பாரையும் குற்றஞ்சாட்டுகிறாள். இம்மாற்றங்கள் முற்போக்கான நோக்கின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை. பொலிஸ் அதிகாரி ஷார்க் குழுவினரைக் கடையிலிருந்து விரட்டிவிட்டு ஜெற் குழுவினருக்குத் துணைநிற்க முன்வரும் காட்சியும் அரசின் பக்கச்சார்பை ஒளிக்காமற் காட்டுகிறது.

எனினும், இரு தரப்பாருக்கும் நாடகம் வழங்கும் பாடல்களைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறோர் உண்மை புலனாகும். ஜெற் இளைஞருக்கென மூன்று கூட்டுப்பாடல்கள் உண்டு. ஒன்றில் அவர்தம் தோழமை பேசப்படுகிறது. மற்றொன்றில் உள்ளக் கொதிப்பை அடக்கும் போராட்டம் வெளிப்படுகிறது. மூன்றாவதில் நீதிபதி, மனநோய் மருத்துவர், சமூக சேவையாளர் ஆகியோர் எள்ளி நகையாடப்பட்டு, தம்மைக் கெடுத்த சமுதாயத்தையே அவ்விளைஞர் கூண்டிலேற்றுகின்றனர். ஷார்க் இளைஞருக்கோ மூல மேடைவடிவில் தமக்கென ஒரு பாடலுமில்லை. போருக்கு முந்திய கூட்டுப்பாடலில் அவர்கள் குரல் கலக்கிறது, அவ்வளவே. அவர்கள் ஆடுகிறார்கள், கத்தி எடுக்கிறார்கள். ஏன் எடுக்கிறார்கள் என்பதைப் பாடும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்குக் கிட்டவில்லை. தாயகத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வாதம் பெண்களிடம் விடப்படுகிறது. அப்பாடலின் முதல் வடிவம் புவேர்ட்டோ ரிக்கோவை நோய்களின் தீவாகச் சித்திரித்தமைக்கு எதிர்ப்பு எழுந்தது; 1961இல் வெளிவந்த திரைப்படத்தில் பாடல் திருத்தப்பட்டு ஆண்களும் வாதத்தில் இடம்பெற்றனர். இசை நாடகத்தில் பாடலே உள்மனத்தின் மொழி. ஒரு தரப்பாருக்குப் பாடலை மறுப்பதென்பது அவர்க்கு உள்மனத்தை மறுப்பதாகும்.

மேடையில் வராத வரலாறும் உண்டு. 1898இல் ஸ்பானியாவிடமிருந்து ஐக்கிய அமெரிக்கா கைப்பற்றிய தீவு புவேர்ட்டோ ரிக்கோ. 1917இல் அதன் மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. இரண்டாவது உலகப் போருக்குப் பின் கைத்தொழில் மயமாக்கம் வேளாண்மையைக் கைவிட்டபோது, வேலையிழந்த மக்கள் பெருந்தொகையாக நியூயோர்க்குக்குச் சென்றனர். 1950களில் மட்டும் தீவைவிட்டு வெளியேறியோர் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். நாடகத்தில் அந்நியராக விரட்டப்படும் ஷார்க் இளைஞர் சட்டப்படி அமெரிக்கப் பிரசைகளே. இது மட்டுமன்று. இரு குழுக்களும் எந்தத் தெருவுக்காகக் குத்திக்கொண்டு சாகின்றனவோ, அத்தெருக்கள் அமைந்த மன்ஹற்றன் மேற்குப் பகுதியில் லிங்கன் கலைநிலையத்தை எழுப்புவதற்காக அக்காலத்திலேயே குடியிருப்புகள் இடித்துத் தள்ளப்பட்டன. 7,000க்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் அகற்றப்பட்டன. 1961ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தெருக்காட்சிகளிற் சில, இடிபடவிருந்த அவ்வீதிகளிலேயே படமாக்கப்பட்டன. தமக்குச் சொந்தமல்லாத நிலத்துக்காக இரு ஏழைக் கூட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நிலத்தின் உண்மையான எசமானர் மேடைக்கு வராமலே இருந்துவிடுகின்றனர். 1957ஆம் ஆண்டு நாடகத்தின் ஆழமான மௌனம் இதுவே.

இந்நாடகம் பாடசாலைக்குள் நுழையும்போது இம்மௌனங்களும் உடன் நுழைகின்றன. 1961ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் முதன்மை நடிகருள் ரீற்றா மொறேனோ ஒருவரே புவேர்ட்டோ ரிக்கர். ஏனையோர் தோலிற் பழுப்புநிறம் பூசிக்கொண்டு நடித்தனர். பிறப்பால் அச்சமூகத்தவரான மொறேனோவுக்குங்கூட அதே பூச்சுப் பூசப்பட்டதை அவரே பின்னாளிற் கண்டித்தார். வெள்ளை மாணவர் பெரும்பான்மையாகவுள்ள பாடசாலைகள் பின்பற்றியதும் இவ்வழியையே. பூச்சும் பொய்யான உச்சரிப்பும் போதும், ஓர் இனம் மேடைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை நிலைபெற்றது.

அந்நம்பிக்கைக்கு எதிரான குரல் ஒன்று 1999இல் மாணவரிடமிருந்தே எழுந்தது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், பல்கலைக்கழகச் சூழலும் தாராளவாத மரபும் கொண்ட அம்ஹேர்ஸ்ற் என்னும் ஊரின் உயர்நிலைப் பாடசாலை ‘வெஸ்ற் சைட் ஸ்ரோறி’யை மேடையேற்றத் தீர்மானித்தது. இலத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவர், தம் சமூகத்தை வன்முறையாளராகவும் மட்டமானவராகவும் நாடகம் சித்திரிக்கிறது என்று கையெழுத்து மனு ஒன்றின் வாயிலாக எதிர்த்தனர். விவாதங்கள் நிகழ்ந்தன. ஈற்றில் அந்நாடகம் கைவிடப்பட்டது. செய்தி நாடெங்கும் பரவிற்று. கலைச் சுதந்திரத்தின் பெயரால் ஒரு சாரார் பாடசாலையைச் சாடினர். இனவெறுப்பைக் கண்டிக்கும் நாடகத்தையே இனவெறுப்பு என்பது பேதைமை எனப் பரிகசித்தனர். மறுசாரார் பாடசாலையின் முடிவை நீதியின் வெற்றி எனப் போற்றினர்.

இரு சாராரும் ஒரு தவற்றில் ஒன்றுபடுகின்றனர் என்பதே எமது கருத்து. இருவரும் நாடகத்தை முடிவடைந்த பண்டமாகக் கொள்கின்றனர். ஒருவருக்கு அது நல்ல பண்டம், ஆகவே விற்கப்பட வேண்டும். மற்றவருக்குக் கெட்ட பண்டம், ஆகவே தடுக்கப்பட வேண்டும். நாடகமோ ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட மனிதரால், குறிப்பிட்ட மனிதர் முன்னிலையில் மீண்டும் செய்யப்படுவது. யார் யாராக நடிக்கிறார், யார் முன் நடிக்கிறார் என்பவற்றை ஒதுக்கிவிட்டுப் பிரதியை மட்டும் கொண்டு அதன் பயனை அளக்க முடியாது.

இதனை விளங்கிக்கொள்ள இன்னொரு மேடையேற்றத்தை நோக்குதல் தகும். அதுவும் ஓர் இசை நாடகம். அதற்கும் நெறியாளர் றொபின்ஸே. யித்திஷ் மொழி எழுத்தாளர் சோலம் அலைக்கெமின் கதைகளிலிருந்து பிறந்து 1964இல் புறோட்வேயில் அரங்கேறிய ‘கூரைமேற் பிடில்காரன்’, 1905ஆம் ஆண்டளவில் சார் மன்னனின் ஆட்சிக்குட்பட்ட யூதக் கிராமம் ஒன்றைக் காட்டுகிறது. பால்காரன் தெவ்யேயின் மூத்த மகள் வறிய தையற்காரனை மணக்கிறாள். இரண்டாமவள் சைபீரியாவுக்கு அனுப்பப்படும் புரட்சிக்கார இளைஞனைப் பின்தொடர்கிறாள். மூன்றாமவள் மதத்துக்கு வெளியே மணக்கிறாள். முடிவில் கிராமமே அரச ஆணையால் வெளியேற்றப்படுகிறது.

1969இல் இந்நாடகத்தை நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிலே, பிரவுண்ஸ்வில் என்னும் வறிய குடியிருப்பின் 275ஆம் இலக்க இடைநிலைப் பாடசாலையில், றிச்சாட் பைறோ என்ற ஆசிரியர் கறுப்பின மாணவரையும் புவேர்ட்டோ ரிக்கோ மாணவரையும் கொண்டு மேடையேற்றினார். காலம் சாதாரணமானதன்று. பாடசாலைகளின் நிருவாகத்தில் தமக்கு உரிமை வேண்டும் என்று கோரிய கறுப்பின மக்களின் உள்ளூர்ச் சபை, 1968 மே மாதத்தில் ஓஷன் ஹில் - பிரவுண்ஸ்வில் வட்டாரத்திலிருந்து 19 ஆசிரியரையும் நிருவாகிகளையும் அகற்ற முனைந்தது. அவருட் பலர் யூதர். ஆசிரியர் சங்கம் தொழிலுரிமையின் பெயரால் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் நகரப் பாடசாலைகள் வாரக்கணக்கில் முடங்கின. தொழிலாளர் உரிமையும் ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமையும் எதிரெதிரே நிறுத்தப்பட்ட துயரம் அது. யூத எதிர்ப்புத் துண்டுப்பிரசுரங்களும் கறுப்பின எதிர்ப்பும் ஒன்றையொன்று வளர்த்தன.

அந்நெருப்பு ஆறுமுன்னரே கறுப்பினச் சிறுவர் யூத நாடகமொன்றை ஆடுவதா என்று அப்பாடசாலையின் யூத ஆசிரியருட் சிலர் அஞ்சினர். தம் மரபு நகைப்புக்கிடமாகும் என எதிர்த்தனர். நாடகமோ ஆடப்பட்டது. அதைப் பற்றிய விவரணப்படம் ஒன்று அதே ஆண்டு நாடெங்கும் ஒளிபரப்பப்பட்டது. பைறோ 1971இல் ஒரு நூலும் எழுதினார். வேலைநிறுத்தம் எழுப்பிய பகையை ஒரு பாடசாலை நாடகம் தீர்த்துவிடவில்லை. தீர்க்கும் என எதிர்பார்ப்பதும் சிறுபிள்ளைத்தனம். ஆயினும் அங்கு ஒரு வேலை நிகழ்ந்தது. சபாத் நாள் விளக்கு ஏன் ஏற்றப்படுகிறது, திருமண விழாவினுள் புகுந்து பொருள்களை உடைக்கும் கும்பல் யாருடைய ஏவலால் வருகிறது, வீட்டை விட்டுப் போ என்ற ஆணை ஒரு மனிதனை என்ன செய்கிறது ஆகியவற்றை அறியாமல் அந்நாடகத்தை ஆட முடியாது. வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்படுவதை அறிந்த பிள்ளைகளுக்குக் கடைசிக் கேள்வி புதியதன்று. பிறரின் துயரத்துக்குத் தம் துயரத்தின் வழியே அவர்கள் சென்றனர், நடிப்பு அறிவாயிற்று.

ஆனால் இதைக் கொண்டு ‘யாரும் யாராகவும் நடிக்கலாம்’ என்ற மலிவான முடிவுக்கு வருதல் கூடாது. பிரவுண்ஸ்வில்லில் அதிகாரமற்ற சிறுவர், தமக்குக் கற்பிப்போரின் மரபை விளங்கிக்கொள்ள முயன்றனர். பெரும்பான்மை மாணவர் சிறுபான்மையினரின் வேடம் பூணும் பாடசாலையில் நிலைமை தலைகீழானது. அங்கே, வகுப்பில் தன் உச்சரிப்புக்காகக் கேலிசெய்யப்படும் மாணவன், அதே உச்சரிப்பு மேடையில் கைதட்டல் பெறுவதை மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து பார்க்க நேர்கிறது. இவ்விரு நிலைமைகளையும் ‘கலை பொதுவானது’ என்ற ஒரே சொற்றொடரால் மூடிவிட முடியாது. கலை பொதுவானதே, ஆனால் அரங்கினுள் மனிதர் சமமற்றவராகவே நுழைகின்றனர்.

ஆகவே அம்ஹேர்ஸ்ற் மாணவரின் மனுவைக் கலைப்பகை என்று ஒதுக்குவது அநீதி. ஷார்க் குழுவுக்கு ஏன் பாடலில்லை என்று திறனாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வியையே அவர்கள் வேறு சொற்களிற் கேட்டனர். பின்வந்த வரலாறும் அவர்களுக்குச் சார்பாகவே சாட்சி சொல்கிறது. 2009இல் லோரன்ஸே மீண்டும் புறோட்வேயில் நாடகத்தை நெறிப்படுத்தியபோது, ஷார்க் தரப்பாரின் பாடல்களும் உரையாடல்களும் சில ஸ்பானிய மொழிக்கு மாற்றப்பட்டன. 2021இல் வெளிவந்த ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் திரைப்படம் இடித்துத் தள்ளப்படும் குடியிருப்புகளைக் காட்டியே தொடங்கிற்று. ஷார்க் பாத்திரங்களை இலத்தீன் அமெரிக்க வழிவந்தவரே தாங்கினர். ஸ்பானிய உரையாடல் மொழிபெயர்க்கப்படாமலே விடப்பட்டது. மாணவர் 1999இல் சொன்னதைப் பெரும் பணம் படைத்த அரங்கும் திரையும் பின்னர் ஏற்றுக்கொண்டன. மாணவர் கேட்டபோது அது பரிகாசத்துக்குரியதாயிற்று. வல்லுநர் செய்தபோது புதுமை எனப்பட்டது!

எனினும் கைவிடுதலோடு கடமை முடிந்துவிட்டது என்பதை நாம் ஏற்கவில்லை. சித்திரிக்கப்படுவோர் சிலராகவும் சொல்லுரிமையற்றவராகவும் இருக்கும் பாடசாலையில், ஆராயாமல் ஆடுவதைவிட ஆடாதிருப்பதே மேல். அதனினும் மேலான மூன்றாவது வழியொன்றுண்டு. பிரதியை மாற்ற ஒப்பந்தம் இடந்தராது. ஒத்திகையை மாற்ற எந்த ஒப்பந்தமும் தடையில்லை. இங்கே பாடசாலை புறோட்வேயைப் பின்பற்றாமலிருப்பதே நன்று. 1957இல் றொபின்ஸ் வழக்கமான கால அளவின் இருமடங்காக எட்டு வாரம் ஒத்திகை நடத்தினார். ஜெற் நடிகரையும் ஷார்க் நடிகரையும் மேடைக்கு வெளியிலும் ஒருவரோடொருவர் பழகவிடாமற் பிரித்து, மெய்யான பகையை மூட்டினார். மேடையில் அதன் பயன் மின்சாரம் போன்றது. ஒரு பாடசாலையில் அம்முறையைக் கையாளும் ஆசிரியர் நாடகத்தை வெல்லவைத்துப் பிள்ளைகளைத் தோற்கடிப்பார். இங்கே வேண்டியது இதற்கு நேர்மாறானது. ஒத்திகையில் இரு குழுவினரும் வேடங்களை மாற்றி நடித்துப் பார்க்க வேண்டும். ஷார்க் இளைஞனுக்குப் பாடல் இருந்திருந்தால் அவன் எதைப் பாடியிருப்பான் என்று மாணவர் எழுதிப் பார்க்க வேண்டும். அது மேடையேறாவிடினும் நடிப்பில் இறங்கும். வேடம் பங்கிடப்படுமுன் புவேர்ட்டோ ரிக்கோவின் வரலாறு வரலாற்று ஆசிரியரால் கற்பிக்கப்பட வேண்டும். அனிற்றா தாக்கப்படும் காட்சியைக் கூசி விழுங்கவும் கூடாது. கிளர்ச்சிக்காக ஊதிப்பெருக்கவும் கூடாது. அதை நடிக்கும் மாணவியின் சம்மதமே அக்காட்சியின் முதல் விதி. எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சமூகம் சித்திரிக்கப்படுகிறதோ அச்சமூகத்து மாணவருக்கு ஒத்திகையில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். அவ்வதிகாரமற்ற ஆலோசனை வெறும் சடங்கு.

இவ்வளவையும் செய்வதற்கு நேரமேது, பரீட்சை இருக்கிறதே என்று கேட்கப்படலாம். இசையின் கடினமான தாவல்களையும் ஆடலின் அடிகளையும் பழக்குவதற்கு வாரக்கணக்கான மாலைகளைச் செலவிடும் பாடசாலைக்கு, அவ்விசை யாருடைய துயரத்தைப் பாடுகிறது என்று கேட்க நேரமில்லையென்றால், அப்பாடசாலை கற்பிப்பது கலையன்று, அலங்காரமே.

செவ்வியல் எனப்படும் படைப்பை வணங்குவதற்கோ உடைப்பதற்கோ எமக்கு உரிமை உண்டா என்ற வாதம் ஓயப்போவதில்லை. ஆசிரியருக்கு முன்னுள்ள பணி அதைவிட எளியதும் கடினமானதும் ஆகும்: பின்வரிசையில் இருக்கும் அம்மாணவனும் தலைநிமிர்ந்து பார்க்கக்கூடிய நாடகமாக அதை ஆக்குதல். அது இயலுமெனில் திரை உயரட்டும். இயலாதெனில், ஏன் இயலவில்லை என்பதையே அவ்வாண்டின் பாடமாக்குக.